நாப்கினில் என்னதான் இருக்கிறது? துணிக்கும் கப்புக்கும் மாறும் முன் ஒரு விளக்கம்

நாப்கினைக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே இருக்கும் வெள்ளைத் தூளை உதறி, அதில் தண்ணீர் ஊற்றிக் காட்டும் வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். தூள் கொழகொழவென்று ஜெல்லாக மாறும். "பார்த்தீர்களா, இதைத்தான் மாதாமாதம் வைத்துக்கொள்கிறோம்" என்று பின்னணியில் ஒரு குரல் அதிரும். அந்தத் தூளின் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். குழந்தைகளின் டயப்பரில் இருப்பதும் அதுதான். தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பும் புரதமும் கலந்த ரத்தம் என்றால் அவ்வளவு பிடிக்காது. அதன் மூலக்கூறுகள் மிகப் பெரியவை என்பதால் தோலைத் தாண்டி உள்ளே போகாது. பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நாப்கினில் யோசிக்க வேண்டிய சமாச்சாரம் எதுவும் அந்த வீடியோவில் தெரியாது. அவை பசையிலும் வாசனையிலும் பிளாஸ்டிக் படலத்திலும், கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கின்றன.

சாதாரண நாப்கின் ஒன்றை மேலிருந்து கீழாகப் பிரித்தால், முதலில் தோலில் படும் மேலுறை. இது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன், சிலவற்றில் பருத்தி. அதன் கீழே மரக்கூழால் ஆன பஞ்சும் அந்த ஜெல் தூளும். அடியில் கசியாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாள். எல்லாவற்றையும் ஒட்டிவைக்கப் பசை, உள்ளாடையில் ஒட்ட இன்னொரு பசை. சிலவற்றில் வாசனை. ஆக, "பஞ்சு" என்று நாம் நினைப்பதில் பருத்தி துளிகூட இல்லாமல் இருக்கலாம்.

இதில் கெமிக்கல் இருக்கிறதா என்று கேட்டால் எந்தப் பொருளுக்கும் "ஆம்" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியால் பயன் இல்லை. எவ்வளவு இருக்கிறது, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, எத்தனை காலம் போகிறது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அதைத் திருப்பிப் போட்டால் நச்சியலின் முதல் பாடம் வந்துவிடும்: அளவு போதுமான அளவு குறைந்தால் நஞ்சும் ஒன்றும் செய்யாது. ஈயம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் "இவ்வளவு வரை பரவாயில்லை" என்று சொல்லக்கூடிய எல்லை கண்டறியப்படவில்லை.

எத்தனை காலம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12, 13 வயதில் தொடங்கி 50 வயதை ஒட்டி நிற்கிறது என்றால் ஏறக்குறைய 38 வருடம். வருடத்துக்கு 12 முறை என்றாலே 450-ஐத் தாண்டும். முறைக்கு 5 நாள் என்று வைத்தால் 2,250 நாட்களுக்கு மேல், அதாவது முழுதாக ஆறு வருடங்களுக்கும் கூடுதல். முறைக்கு 15 நாப்கின் என்றால் ஏழாயிரத்தை நெருங்கும். ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகும் பொருளுக்கும் இப்படி ஆறு வருடம் ஒட்டியே இருக்கும் பொருளுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. ஆய்வாளர்கள் இதில் கவனம் காட்டுவதற்கு இது நியாயமான காரணம்.

அடுத்தது வழி. வாயால் விழுங்கும் பொருள் குடலில் உறிஞ்சப்பட்டு முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பாதி சண்டை முடிந்துவிடும். யோனியின் உட்சுவர் வழியாகப் போவது கல்லீரலுக்குப் போகாமல் நேரே ரத்தத்தில் கலக்கிறது. சில ஹார்மோன் மருந்துகளை அந்த வழியாகக் கொடுப்பதே இதனால்தான். எனவே உள்ளே வைக்கும் பஞ்சு உருளையான டாம்பனையும் வெளியே வைக்கும் நாப்கினையும் ஒரே கூடையில் போட்டுப் பேசக் கூடாது. நாப்கின் வெளித்தோலில்தான் படுகிறது. ஆனால் அந்த இடத்துத் தோலும் கைத்தோலைப் போன்றதல்ல. எப்போதும் ஈரமாக, மூடி, உராய்ந்துகொண்டே இருக்கும் தோல் அது.

உண்மையில் உயிரைப் பறித்தது எது

மாதவிடாய்ப் பொருட்களின் வரலாற்றில் ஐயமே இல்லாமல் உயிரிழப்போடு தொடர்புபடுத்தப்பட்டது கெமிக்கல் நஞ்சு அல்ல, ஒரு பாக்டீரியா. 1980-இல் அமெரிக்காவில் நல்ல உடல்நிலையில் இருந்த பெண்கள் திடீரென்று கடும் காய்ச்சலும் வாந்தியும் ரத்த அழுத்தச் சரிவுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்று பெயர். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நச்சுதான் காரணம். மிக அதிகமாக உறிஞ்சும்படி தயாரிக்கப்பட்ட டாம்பன்கள் அந்த பாக்டீரியா நச்சைச் சுரக்கத் தோதான இடமாக அமைந்தன. பாலியெஸ்டர் நுரையும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் சேர்த்துச் செய்யப்பட்ட "ரிலை" என்ற டாம்பனை அந்த ஆண்டு செப்டம்பரிலேயே நிறுவனம் திரும்பப் பெற்றது. பாலிஅக்ரிலேட் கலந்த டாம்பன்களும் எண்பதுகளின் நடுவில் சந்தையிலிருந்து போயின. உள்ளே வைத்த பழைய டாம்பன் செய்தியையும் வெளியே வைக்கும் இன்றைய நாப்கின் ஜெல்லையும் முடிச்சுப் போட்டுப் பரப்புவது இதனால்தான் பிழை.

அங்கிருந்து வந்த பாடம் இன்றும் செல்லும். டாம்பன் என்றால் உங்கள் போக்குக்குத் தேவையான குறைந்த உறிஞ்சு திறனைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 8 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வைத்திருக்கும்போது திடீர்க் காய்ச்சல், வெயிலில் சுட்டதுபோன்ற சிவப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம் டயாக்சின். முன்பு மரக்கூழைக் குளோரின் வாயுவால் வெளுத்தபோது துணைப்பொருளாக இது உண்டானது. டயாக்சின் குடும்பத்தில் மிக மோசமான டிசிடிடி-யை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. இதற்கிடையே வெளுக்கும் முறையே மாறிவிட்டது. இப்போது குளோரின் டையாக்சைடோ ஹைட்ரஜன் பெராக்சைடோதான் பெரும்பாலும். இன்று நம் உடம்புக்கு வரும் டயாக்சினில் பெரும்பகுதி உணவு வழியாக வருகிறது. டயாக்சினை வைத்துப் பயமுறுத்தும் பதிவுகளில் பல இன்னும் எண்பதுகளிலேயே நிற்கின்றன.

இன்று பேசப்படுபவை

தாலேட்டுகள், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், உலோகங்கள், பி.எஃப்.ஏ.எஸ் (கறை ஒட்டாமலிருக்கப் பூசும் சேர்மங்கள், இவற்றைப் பின்னால் பார்ப்போம்). இந்த நான்கு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். தாலேட்டுகள் பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கவும் வாசனையை நிலைநிறுத்தவும் பயன்படுபவை. சில வகைகள் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடுகின்றன. ஆவியாகும் சேர்மங்கள் பசையிலிருந்தும் சாயத்திலிருந்தும் வாசனையிலிருந்தும் வருகின்றன.

2017-இல் தென்கொரியாவில் இது பெரிய போராட்டமாகவே ஆனது. ஒரு நாப்கினைப் பயன்படுத்திய பிறகு போக்கு குறைந்தது, சுழற்சி தப்பியது என்று பெண்கள் புகார் செய்தார்கள். ஆவியாகும் சேர்மங்கள் இருப்பதைச் சோதனைகள் காட்டின. விற்பனை நின்றது. பின்னர் அரசு அமைப்பு சந்தையிலிருந்த பொருட்களைப் பரிசோதித்து, இருக்கும் அளவு கேடு செய்யும் அளவு அல்ல என்றது. எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று நடந்தது: நாப்கின் உறையில் உட்பொருட்கள் அனைத்தையும் அச்சிட வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. நியூயார்க் மாநிலத்திலும் 2021 முதல் அப்படி ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டில் எழுதியிருப்பது நாப்கின் பாக்கெட்டில் இல்லை என்பது, யோசித்துப் பார்த்தால், விசித்திரமாகத்தான் இருக்கிறது.

பிரான்ஸின் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனமான ஆன்செஸ் 2018-இல் டாம்பன், நாப்கின் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. பூச்சிக்கொல்லி, டயாக்சின், வாசனைப் பொருள் எனப் பலவற்றின் தடயங்கள் கிடைத்தன. எதுவும் உடல்நல எல்லையைத் தாண்டவில்லை. இருந்தும், நீக்கக்கூடியதை நீக்குங்கள் என்று தயாரிப்பாளர்களிடம் சொன்னது. எனக்கு இந்த நிலைப்பாடு மிகவும் பிடிக்கும். பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை.

2022-இல் டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு பத்து நாப்கின் பிராண்டுகளைச் சோதித்தது. எல்லாவற்றிலும் தாலேட் இருந்தது, "ஆர்கானிக்" என்று விற்றவை உட்பட. 2024-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 பிராண்டுகளின் 30 டாம்பன்களில் 16 உலோகங்களைத் தேடினார்கள். ஈயம் எல்லாவற்றிலும் இருந்தது. ஆர்கானிக் டாம்பன்களில் ஈயம் குறைவு, ஆனால் ஆர்செனிக் அதிகம். செடி மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. உரம் மாறினால் மண் மாறிவிடாது.

செய்தித் தலைப்புகளில் விடுபட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு டாம்பனுக்குள் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதை அளந்தது. அதிலிருந்து எவ்வளவு வெளியேறி ரத்தத்தில் கலக்கிறது என்பதை அளக்கவில்லை. ஆய்வாளர்களே அதைத் தெளிவாகச் சொன்னார்கள். பொருளில் இருப்பது வேறு, உடம்புக்குள் போவது வேறு. இனி இந்த மாதிரி எந்தச் செய்தியைப் படித்தாலும் இரண்டில் எதை அளந்தார்கள் என்று மட்டும் தேடிப் பாருங்கள். பாதிப் பதற்றம் அங்கேயே தணியும்.

இவ்வளவிலும் நாம் இன்றைக்கே விட்டுவிடக்கூடியது ஒன்று உண்டு என்றால் அது வாசனை. என்னைக் கேட்டால், வாசனை நாப்கின் தேவையே இல்லாத சரக்கு. ரத்தம் காற்றோடும் பாக்டீரியாவோடும் சேர்ந்து நேரமாகும்போது வாடை வருகிறது. நேரத்துக்கு மாற்றினால் அது போய்விடும். "வாசனை" என்ற ஒரு சொல்லுக்குள் பத்து இருபது சேர்மங்கள் ஒளிந்திருக்கலாம். தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவையும் அவற்றில் உண்டு. அதேசமயம், தொடை இடுக்கில் வரும் எரிச்சல் எல்லாம் கெமிக்கலின் வேலை என்றும் நினைக்க வேண்டாம். வெப்பமும் வியர்வையும் உராய்வும் போதும், தோல் புண்ணாகிவிடும்.

மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

உடனே ஆகாது. இதற்குச் சரியான உதாரணம், ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் பீரியட் உள்ளாடைகள். துவைத்துத் துவைத்து அணியலாம் என்று வந்த இவற்றில் சிலவற்றில் ஃப்ளூரின் இருப்பது 2020-இல் வெளியான சோதனையில் தெரிந்தது. அது பி.எஃப்.ஏ.எஸ் இருப்பதற்கான அறிகுறி. கறையும் ஈரமும் ஒட்டாமலிருக்கத் துணிகளில் பூசும் சேர்மக் குடும்பம் இது. எளிதில் சிதையாது, அதனால்தான் இவற்றுக்கு "நிரந்தர ரசாயனங்கள்" என்று பட்டப்பெயர். அமெரிக்காவின் தின்க்ஸ் நிறுவனம் மீது வழக்கு வந்து, தவறை ஒப்புக்கொள்ளாமலே 2023-இல் 50 லட்சம் டாலர் வரையிலான சமரசத்துக்கு வந்தது. ஆக, துவைத்துப் பயன்படுத்துவது என்பதாலேயே ஒன்று தூய்மையானது ஆகிவிடாது. பி.எஃப்.ஏ.எஸ் "சேர்க்கவில்லை" என்பதும் "சோதித்துப் பார்த்தோம், இல்லை" என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள். வாடையே வராது என்று விளம்பரம் செய்யும் உள்ளாடைகளில் வெள்ளித் துகள் போன்ற கிருமிநாசினி இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்படியானால் மாறுவதில் என்ன லாபம்? உட்பொருட்களின் பட்டியல் சுருங்குகிறது. ஏழாயிரம் நாப்கின்களின் பசையையும் வாசனையையும் பற்றி யோசிப்பதற்குப் பதில், ரத்தத்தைப் பிடிக்க யோனிக்குள் வைக்கும் ஒரு கப்பின் சிலிகானைப் பற்றியோ சில துணிகளின் நூலைப் பற்றியோ ஒரு தடவை நன்றாக விசாரித்தால் போதும். பதிலுக்குக் கழுவுவதும் காயவைப்பதும் நம் பொறுப்பாகிவிடும்.

கப் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் லியோனா சால்மர்ஸ் 1937-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போது ரப்பர்; இப்போது பெரும்பாலும் மருத்துவத் தர சிலிகான், சில டிபிஇ என்ற நெகிழ் பிளாஸ்டிக், சில இயற்கை ரப்பர். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் கடைசி வகையைத் தவிர்க்க வேண்டும். கப் எதையும் உறிஞ்சுவதில்லை, சேகரிக்கிறது. டாம்பனைப் போல உட்சுவரை உலர்த்துவதும் இல்லை. ஒன்று 20 முதல் 30 மில்லிலிட்டர் வரை பிடிக்கும். ஒரு முழு மாதவிடாயில் போகும் ரத்தமே சராசரியாக 30, 40 மில்லிலிட்டர்தான் என்று தெரிந்தால் பலர் நம்ப மாட்டார்கள். (80-ஐத் தாண்டினால் அதிகப் போக்கு என்று மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். கப் வைத்தால் இதை அளந்தே சொல்லிவிடலாம், அது ஒரு உபரி லாபம்.)

2019-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளை, ஏறக்குறைய 3,300 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கசிவு மற்றவற்றைவிட அதிகம் இல்லை. பழகிய பிறகு ஏறக்குறைய 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள். டாக்ஸிக் ஷாக் ஐந்து பேருக்கு வந்ததாகப் பதிவு இருந்தது. அரிது, ஆனால் பூஜ்யம் அல்ல. அதனால் கைகழுவாமல் தொடக் கூடாது, 12 மணி நேரத்துக்குள் எடுத்துக் காலி செய்ய வேண்டும். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்காமல், அடிப்பகுதியை விரலால் அழுத்திக் காற்றுப் பிடிப்பை விடுவித்த பிறகு எடுங்கள். கர்ப்பத்தடைக்குக் கருப்பைக்குள் சாதனம் வைத்திருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். இழுபட்டு அது வெளியே வந்த நிகழ்வுகள் உண்டு.

பழக இரண்டு மூன்று சுழற்சி ஆகும். முதல் மாதம் வெறுத்துப்போய்த் தூக்கிப் போட்டவர்கள் பலர். கன்னித்திரை என்ன ஆகும் என்று கேட்கத் தயங்கும் பெண்களுக்காக ஒரு வரி: அது விரியலாம், சிலருக்குக் கிழியலாம், விளையாட்டிலும் அப்படி ஆகலாம். அதை வைத்து யாருடைய கன்னித்தன்மையையும் சொல்ல முடியாது.

உள்ளே வைப்பதே பிடிக்காதவர்களுக்குத் துணி நாப்கின். கிழிந்த பழைய துணியை மடிப்பதல்ல இது. மேலே பருத்தி, நடுவில் உறிஞ்சும் அடுக்குகள், அடியில் பெரும்பாலும் பி.யு.எல் என்ற நீர்புகாப் படலம் ஒட்டிய துணி. துணியால் தொற்று வரும் என்கிறார்களே என்றால், பெரும்பாலும் அது துணியின் குற்றம் அல்ல. சோப்பில்லாமல் அலசி, வெளிச்சம் படாத ஈர மூலையில் ஒளித்துக் காயவைப்பதன் விளைவு. குளிர்ந்த நீரில்தான் முதலில் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் ரத்தப் புரதத்தை நூலோடு இறுக்கிக் கறையாக்கிவிடும். வாசனையில்லாத சோப்பு போதும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம்: நூலில் படலம்போலப் படிந்து உறிஞ்சவிடாது, வாசனை நாப்கினில் விட்ட பிரச்சினையைத் திரும்பவும் கூட்டி வரும். பிறகு நல்ல வெயில். கறை தெரியாது என்று கருப்புத் துணி வாங்குவார்கள். நான் வெளிர் நிறத்தைத்தான் சொல்வேன். சரியாகக் கழுவினோமா என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

கப்பைச் சுழற்சிக்குச் சுழற்சி ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். போட்டதை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நான் மறந்தேன். தண்ணீர் வற்றி, கப் பாத்திரத்தின் அடியில் ஒட்டி, அந்தப் பாத்திரமும் போயிற்று. கழுவியதைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடாமல் துணிப்பையில் வையுங்கள்.

வாங்கும்போது "நேச்சுரல்", "கெமிக்கல் ஃப்ரீ" என்ற சொற்களை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் நார் என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து நூலாக்கிய விஸ்கோஸ்தான். துணிப் பொருட்களுக்கு ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை இருந்தால், தயாரான துணியில் தீங்கான எச்சங்கள் எல்லைக்குள் உள்ளனவா என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். காட்ஸ் முத்திரை பருத்தி விளைந்த விதத்தையும் பதப்படுத்திய விதத்தையும் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. கப்புக்கு எந்தப் பொருளால் ஆனது, ஐஎஸ்ஓ 10993 முறைப்படி உடலோடு ஒத்துப்போகும் சோதனை நடந்ததா என்று கேட்கலாம். பதில் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடுங்கள். முத்திரை எண்ணை அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

ஒரேயடியாக மாற வேண்டியதில்லை. முதலில் வீட்டில் இருக்கும் நாளில் ஒரு கப், அல்லது மூன்று துணி நாப்கின். வெளியே போகும் நாளில் பழையதே இருக்கட்டும். சுத்தமான தண்ணீரோ, தயக்கமின்றிக் காயவைக்க இடமோ இல்லாத சூழலில் வாசனையில்லாத சாதாரண நாப்கினை நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, சரியாகக் காயாத துணியைவிட நல்லது. அதில் குற்ற உணர்ச்சிக்கு வேலையே இல்லை.

மாற்றி இரண்டு மூன்று சுழற்சி ஆன பிறகும் அரிப்போ தடிப்போ நிற்கவில்லை என்றால், காரணம் வேறாகவும் இருக்கலாம். பூஞ்சைத் தொற்று, சோப்பு, உள்ளாடைச் சாயம் எதுவாகவும் இருக்கலாம். தோல் டாக்டரிடம் போகும்போது எதை, எப்போதிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு, பொருளின் உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தப் பொருளுக்குப் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) செய்வது என்று முடிவெடுக்க அவருக்கு அது உதவும்.